ஈ.ஈ.ஜி - எஃப்.எம்.ஆர்.ஐ இணைப் பதிவு

ஈ.ஈ.ஜி - எஃப்.எம்.ஆர்.ஐ இணைப் பதிவு என்பது ஒருவரது மூளையின் மின்னலைகளையும், அதே வேளையில் மூளைக் குருதியின் ஆக்சிசன் நிலையில் ஏற்படும் மாற்றங்களையும் ஒன்றாகப் பதிவு செய்யும் முறை ஆகும். மின்னலைகளைப் பதிவது மூளை மின்னலை வரைவு. இது சுருக்கமாக ஈ.ஈ.ஜி எனப்படும். குருதி மாற்றங்களைப் படமாக்குவது செயற்பாட்டுக் காந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பு, இது எஃப்.எம்.ஆர்.ஐ எனப்படும். மருந்துகளுக்கு அடங்காத கால்-கை வலிப்பு உடையவர்களுக்கு அறுவை மருத்துவம் செய்ய இயலுமா, இயலுமெனில் மூளையின் எப்பகுதியை அகற்ற வேண்டும் என ஆராயும் கட்டத்தில் இம்முறை பயன்படுகிறது.

ஈ.ஈ.ஜி ஒரு நிகழ்வின் நேரத்தை ஆயிரத்தில் ஒரு நொடி அளவுக்குத் துல்லியமாகக் காட்டும். இடத்தை மங்கலாகவே காட்டும். எஃப்.எம்.ஆர்.ஐ இடத்தைச் சில மில்லிமீட்டர் அளவில் காட்டும். ஆனால் நேரத்தில் பல நொடிகள் பிந்தும். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும் என்ற எண்ணமே இவ்விணைப்பின் அடிப்படை ஆகும். இதனால் கிடைக்கும் வண்ணப் படத்தை வெட்ட வேண்டிய இடத்தின் வரைபடமாகக் கொள்ளல் ஆகாது. எங்கே தேட வேண்டும் என்பதற்கான ஒரு கருதுகோளாகவே வலிப்பு மருத்துவர்கள் அதைக் கையாளுகின்றனர்.

மருந்துக்கு அடங்காத வலிப்பு

உலக நலவாழ்வு அமைப்பின் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்குக் கால்-கை வலிப்பு நோய் உள்ளது. தக்க மருத்துவம் கிடைத்தால் இவர்களுள் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும். எஞ்சியோரின் நிலையே கடினமானது. இசுக்காட்லாந்தின் கிளாசுகோ நகரில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், முன்னர் மருந்தே உட்கொள்ளாத 470 நோயாளிகளுள் 47 விழுக்காட்டினருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது அல்லது மூன்றாவது மருந்தில் நின்றவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே. அதாவது, முதல் ஓரிரு மருந்துகள் பயன் தராவிடில், அடுத்தடுத்து மருந்தை மாற்றுவதால் வலிப்பு நிற்கும் வாய்ப்பு விரைவாகக் குறைகிறது. இதனையொட்டியே, பன்னாட்டு வலிப்புநோய் எதிர்ப்புக் கழகம் 2010இல் ஒரு வரையறையை வகுத்தது. பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, சரியான முறையில் உட்கொள்ளப்பட்ட இரண்டு மருந்துத் திட்டங்கள் (தனித்தனியாகவோ சேர்த்தோ) வலிப்பை நீடித்து நிறுத்தத் தவறினால், அது மருந்துக்கு அடங்காத வலிப்பு எனக் கொள்ளப்படும்.

இத்தகையோருக்கு வலிப்பு தோன்றும் இடம் மூளையின் ஒரு பகுதியில் மட்டும் அமைந்திருந்தால் அறுவை மருத்துவம் ஒரு வழியாகிறது. கனடாவின் இலண்டன் நகரில் (ஒன்றாரியோ மாநிலம்) 80 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2001இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், பொட்டு மடலில் அறுவை செய்யப் பிரிக்கப்பட்ட குழுவில் ஓராண்டு முடிவில் 58 விழுக்காட்டினர் உணர்விழக்கச் செய்யும் வலிப்புகளிலிருந்து விடுபட்டிருந்தனர். மருந்து மட்டும் பெற்ற குழுவில் இது 8 விழுக்காடே. புது தில்லியில் உள்ள அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் 116 சிறார்களைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்விலும் இதே போக்குக் காணப்பட்டது. அறுவைக் குழுவில் 77 விழுக்காடு, மருந்துக் குழுவில் 7 விழுக்காடு.

ஆனால் அறுவைக்கு முன் எழும் வினா எளிதன்று. குறைவாக அகற்றினால் வலிப்பு தொடரும். மிகையாகவோ தவறான இடத்திலோ அகற்றினால் பேச்சு, நினைவு, கை கால் இயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மீளாமல் போகக்கூடும். 1953இல் அமெரிக்காவின் ஆர்ட்ஃபோர்டு நகரில் வலிப்புக்காக இரு பக்கப் பொட்டு மடல்களின் உட்பகுதிகளும் அகற்றப்பட்ட நோயாளி ஒருவர், அதன் பின் 2008இல் இறக்கும் வரை புதிய நிகழ்வுகளை நினைவில் நிறுத்தும் ஆற்றலின்றியே வாழ்ந்தார். மருத்துவ நூல்களில் எச்.எம். என்ற முதலெழுத்துகளால் அறியப்பட்ட இவரால் நினைவாற்றல் பற்றிய அறிவியல் பெரிதும் வளர்ந்தது. அதற்கு அவர் கொடுத்த விலை, எதை அகற்றுகிறோம் என்பதை முன்கூட்டியே அறிய வேண்டியதன் தேவைக்குச் சான்றாக நிற்கிறது. மறுபக்கம், அறுவையே செய்யாமல் விடுவதிலும் இடர் உண்டு. கட்டுப்படாத பெருவலிப்புகள் அடிக்கடி வரும் நோயாளிகளுக்குத் திடீர் இறப்பு ஏற்படும் வாய்ப்பு மிகுதி.

நோயாளியின் சாதாரண எம்.ஆர்.ஐ படத்தில் தழும்போ கட்டியோ புறணிக் கோளாறோ தெளிவாகத் தெரிந்து, மின்னலைப் பதிவும் அதே இடத்தைச் சுட்டினால் முடிவெடுத்தல் ஓரளவு எளிது. படத்தில் ஒன்றும் தெரியாத நோயாளிகளே மருத்துவர்களைத் தடுமாற வைப்பவர்கள். இணைப் பதிவு முதன்மையாக இவர்களுக்கே தேவைப்படுகிறது.

இரு கருவிகளின் இயல்பு

விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் இருப்பதை 1875இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த ரிச்சர்டு கேட்டன் அறிவித்தார். செருமனியின் யேனா நகரில் உளநோய் மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். 1935இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள், சிறிது நேரம் வெறித்து நோக்கி நினைவிழக்கும் வகை வலிப்பில் நொடிக்கு 3 முறை தோன்றும் கூரலைகளை விவரித்தனர். அன்று முதல் ஈ.ஈ.ஜி வலிப்பு மருத்துவத்தின் முதற்கருவியாக இருந்து வருகிறது.

வலிப்பு வராத இடைவேளைகளிலும் வலிப்பு நோயாளிகளின் ஈ.ஈ.ஜியில் கூர்மையான அலைகள் அவ்வப்போது தோன்றி மறையும். இவை கூரலைகள் எனப்படும். ஒவ்வொன்றும் பத்தில் ஒரு நொடிக்கும் குறைவான காலமே நீடிக்கும். நோயாளிக்கு இவை தோன்றுவது பெரும்பாலும் தெரியாது. தலைத்தோலில் ஒட்டப்பட்ட மின்முனைகளில் ஒரு கூரலை தெரிய வேண்டுமாயின், பெருமூளைப் புறணியில் பல சதுர சென்டிமீட்டர் பரப்பிலுள்ள நரம்பணுக்கள் ஒருசேர இயங்க வேண்டும். இதிலும் மண்டையோடு மின்னோட்டத்தை எளிதில் கடத்தாததால், உள்ளே ஓரிடத்தில் எழும் அலை வெளியே பரந்து மங்கித் தெரிகிறது. பனிபடிந்த கண்ணாடிக்கு அப்பால் எரியும் விளக்கைப் போன்றது இது எனலாம். மேலும், தலையின் மேற்பரப்பில் அளந்த மின்னழுத்தங்களைக் கொண்டு உள்ளே உள்ள மூலத்தை ஒரே விடையாகக் கணக்கிட இயலாது என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே எல்ம்ஹோல்ட்சு என்னும் செருமன் அறிவியலாளர் காட்டிய உண்மை ஆகும்.

எஃப்.எம்.ஆர்.ஐ முற்றிலும் வேறு வழியில் இயங்குகிறது. நரம்பணுக்கள் மிகுதியாக இயங்கும் இடத்துக்குக் குருதி மிகுதியாகப் பாய்கிறது. பாயும் குருதியின் அளவு தேவையை விஞ்சுவதால், அவ்விடத்தில் ஆக்சிசன் இழந்த ஈமோகுளோபினின் பங்கு குறைகிறது. ஆக்சிசன் இழந்த ஈமோகுளோபின் காந்தப்புலத்தைச் சற்றுக் குலைக்கும் தன்மையது. ஆக்சிசன் ஏற்றது அவ்வாறு குலைப்பதில்லை. இவ்வேறுபாட்டை இலினசு பாலிங், சார்லசு கோரியெல் ஆகியோர் 1936இலேயே கண்டறிந்தனர். அதனைப் படமெடுப்புக்குப் பயன்படுத்தலாம் என சப்பானிய அறிவியலாளர் செய்ஜி ஒகாவா 1990இல் காட்டினார். 1992இல் மனித மூளையின் இயக்கம் இம்முறையில் படமாக்கப்பட்டது. நரம்பணு இயங்கிய பின் குருதி மாற்றம் உச்சத்தை அடைய 5 அல்லது 6 நொடிகள் ஆகும். பழைய நிலைக்குத் திரும்ப மேலும் 10 நொடிகளுக்கு மேலாகும். மாற்றத்தின் அளவும் மிகச் சிறியது. பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும்.

ஒரே நேரத்தில் பதிய வேண்டியதன் காரணம்

விரலை அசைக்கும்போது மூளையின் எப்பகுதி இயங்குகிறது என அறிய எஃப்.எம்.ஆர்.ஐ மட்டுமே போதும். எப்போது அசைக்க வேண்டும் என ஆய்வாளரே சொல்கிறார். ஆகையால் நேரம் அவருக்குத் தெரியும். கூரலை எவர் சொல்லுக்கும் காத்திருப்பதில்லை. அது எந்நொடியில் தோன்றியது என்பதை ஈ.ஈ.ஜி மட்டுமே சொல்ல இயலும். எனவே இன்று ஈ.ஈ.ஜி, நாளை எஃப்.எம்.ஆர்.ஐ எனத் தனித்தனியே எடுத்து ஒட்டிப் பார்ப்பதால் பயனில்லை. படமெடுக்கும் கருவிக்குள் நோயாளி படுத்திருக்கும்போதே மின்னலையும் பதிவாக வேண்டும்.

இதை முதன்முதலில் செய்து காட்டியவர்கள் பாஸ்டன் நகரைச் சேர்ந்த ஐவ்சும் அவரது குழுவினரும் ஆவர் (1993). தொடக்க காலத்தில் பதிவும் படமும் மாறி மாறி நிகழ்ந்தன. மருத்துவர் ஈ.ஈ.ஜியைக் கண்காணித்திருப்பார், கூரலை ஒன்றைக் கண்டதும் சில நொடிகள் கழித்துப் படமெடுப்பைத் தொடங்குவார். படமெடுக்கும்போது ஈ.ஈ.ஜி முழுவதும் இரைச்சலாக மாறிவிடுவதால் வேறு வழியில்லாதிருந்தது. இலண்டனில் உள்ள நரம்பியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 1998இலும் 2000இலும் வெளியிட்ட இரு கணிப்பு முறைகளே இந்நிலையை மாற்றின. அவற்றின் பின்னரே தொடர்ச்சியான இணைப் பதிவு நடைமுறைக்கு வந்தது.

இடர்களும் தீர்வுகளும்

எம்.ஆர்.ஐ கருவிக்குள் மின்கம்பிகளைக் கொண்டு செல்வதே முதலில் அச்சமூட்டும் செயல். கருவி வெளியிடும் வானொலி அலைகள் கம்பிகளில் மின்னோட்டத்தைத் தூண்டி மின்முனையைச் சூடாக்கலாம், தோல் வெந்துபோகலாம். இதைத் தவிர்க்க மின்முனைகள் காந்தத்தால் ஈர்க்கப்படாத பொருளால் செய்யப்படுகின்றன. ஒவ்வொரு கம்பியிலும் மின்தடை சேர்க்கப்படுகிறது. கம்பிகள் வளையமாகச் சுருளாதபடி நேராகக் கட்டப்படுகின்றன.

அடுத்தது குறிகைகளின் சிக்கல். ஈ.ஈ.ஜியின் அளவு பொதுவாகச் சில பத்து மைக்ரோவோல்ட்டுகள். படமெடுப்பதற்காகக் காந்தப்புலம் விரைந்து மாறும்போது தூண்டப்படும் போலிக் குறிகையோ பல ஆயிரம் மைக்ரோவோல்ட்டுகள். கோவில் மேளத்துக்கு நடுவே ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முயல்வதற்கு இது ஒப்பாகும். நற்பேறாக, இந்த மேளம் ஒவ்வொரு முறையும் ஒரே தாளத்தில் அச்சுப் பிசகாமல் ஒலிக்கிறது. பல சுழற்சிகளின் சராசரியைக் கணக்கிட்டு, அதனைப் பதிவிலிருந்து கழித்தால் எஞ்சுவது மூளையின் குறிகை. இதற்கு ஈ.ஈ.ஜி மிகைப்பியின் கடிகாரமும் எம்.ஆர்.ஐ கருவியின் கடிகாரமும் ஒத்தியங்க வேண்டும். நொடிக்குப் பல்லாயிரம் புள்ளிகள் வரை பதிய வேண்டும். மிகைப்பி மின்கலத்தால் இயங்கும். குறிகை ஒளியிழை வழியாக வெளியே கொண்டு செல்லப்படும்.

இதயத்துடிப்பால் எழும் போலிக் குறிகை இதைவிடத் தொல்லையானது. ஒவ்வொரு துடிப்பிலும் தலை மிக நுண்ணிய அளவில் அசைகிறது. குருதியும் காந்தப்புலத்தில் பாய்கிறது. வலிமையான காந்தப்புலத்தில் இவை மின்முனைகளில் கூரலையை ஒத்த வடிவங்களைத் தோற்றுவிக்கின்றன. துடிப்பு கருவியைப் போல ஒரே சீரானது அன்று என்பதால் கழித்தல் முறை முழுமையாகப் பயன் தருவதில்லை. இதய மின்வரைவையும் உடன் பதிந்து, ஒவ்வொரு துடிப்பையும் அடையாளம் கண்டு நீக்க வேண்டியுள்ளது. காந்தப்புலத்தின் வலிமை கூடக்கூடப் படம் தெளிவாகும். இந்தப் போலிக் குறிகையும் வளரும்.

நோயாளி ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரை அசையாமல் படுத்திருக்க வேண்டும். தலையைச் சுற்றிக் காற்று நீக்கிய தலையணை பொருத்தப்படும். பேரிரைச்சலுக்காகக் காதடைப்பான் தரப்படும். உறக்கத்தில் கூரலைகள் மிகும் என்பதால், முந்தைய இரவு குறைவாக உறங்கி வரச் சொல்வதும் உண்டு. கருவிக்குள் வலிப்பே வந்துவிட்டால் உடனே வெளியே எடுக்கும் ஏற்பாடும் அருகில் மருத்துவரும் இருத்தல் வேண்டும். சிறு குழந்தைகளுக்கும் மூடிய இடத்தை அஞ்சுவோருக்கும் இம்முறை எளிதன்று.

பகுப்பாய்வு

பதிவு தூய்மையாக்கப்பட்ட பின், பயிற்சி பெற்ற மருத்துவர் ஈ.ஈ.ஜியைப் படித்து ஒவ்வொரு கூரலையின் நேரத்தையும் குறிக்கிறார். வடிவத்திலோ இடத்திலோ வேறுபடும் கூரலைகள் தனித்தனி வகைகளாகப் பிரிக்கப்படும். பின்னர், இந்நேரங்களில் ஒவ்வொன்றைத் தொடர்ந்தும் குருதி மாற்றம் எவ்வாறு எழுந்து அடங்கியிருக்கும் என ஓர் எதிர்பார்ப்பு வளைவு வரையப்படும். மூளை பல்லாயிரம் சிறு கனசதுரங்களாகப் பிரிக்கப்பட்டு, எக்கனசதுரத்தின் குறிகை இவ்வளைவுடன் ஒத்துப்போகிறது எனப் புள்ளியியல் முறையில் சோதிக்கப்படும். ஒத்துப்போகும் இடங்கள் வண்ணமிடப்பட்டு எம்.ஆர்.ஐ படத்தின் மீது பதிக்கப்படும்.

எதிர்பார்ப்பு வளைவு எல்லாருக்கும் பொதுவானது அன்று என்பது விரைவில் தெரிய வந்தது. நோயுற்ற புறணியில் குருதி மாற்றம் முந்தியோ பிந்தியோ வரலாம். ஆகவே கனடாவின் மொன்றியல் நரம்பியல் கழகத்தில் ஜான் காட்மன் குழுவினர் 3, 5, 7, 9 நொடிகளில் உச்சமடையும் நான்கு வளைவுகளைக் கொண்டு சோதிக்கும் வழக்கத்தைக் கொண்டனர்.

படத்தை வாசித்தல்

இம்முறையின் கடினமான பகுதி இதுவே. ஒரு நோயாளியின் படத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு புள்ளி ஒளிர்வதில்லை. பல இடங்கள் ஒளிரும். கூரலை தோன்றிய இடத்துடன், அது பரவிய இடமும், எதிர்ப்பக்க மூளையின் ஒத்த பகுதியும் சேர்ந்தே தெரியலாம். பெரிய சிரைகளில் வடியும் குருதியாலும் குறிகை உண்மையான இடத்திலிருந்து சற்று விலகித் தெரியலாம். தலை சிறிதே அசைந்தாலும் மூளையின் ஓரங்களில் பொய்யான ஒளிர்வுகள் தோன்றும். குறிகை கூடும் இடங்கள் மட்டுமன்றிக் குறையும் இடங்களும் உண்டு. ஓய்வு நிலையில் இயல்பாக இயங்கும் மூளைப் பகுதிகளில் கூரலையின்போது குறிகை குறைவது பல நோயாளிகளிடம் காணப்படுகிறது. மூளை முழுவதும் பரவும் வகைக் கூரலைகளில் தலாமசில் குறிகை கூடுவதையும், ஓய்வுநிலைப் பகுதிகளில் குறைவதையும் காட்மன் குழுவினர் 2005இல் வெளியிட்டனர். நினைவு சற்றே தடைப்படும் நிலைக்கு இது ஒரு விளக்கமாகக் கருதப்படுகிறது. ஆயினும் அப்பகுதிகளை வலிப்பின் பிறப்பிடமாகக் கொள்வது பெரும் பிழையாகும்.

இன்னொரு வேறுபாடும் மறக்கத்தகாதது. கூரலை எழும் பகுதி, வலிப்பு தொடங்கும் பகுதி, வலிப்பு நிற்பதற்கு அகற்றப்பட வேண்டிய பகுதி ஆகிய மூன்றும் ஒன்றல்ல. இவை ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருக்கலாம், விலகியும் இருக்கலாம். இணைப் பதிவு பெரும்பாலும் முதலாவதையே காட்டுகிறது. மூன்றாவதை அறுவைக்கு முன் நேரடியாகக் காட்டும் கருவி எதுவும் இல்லை. அறுவைக்குப் பின் வலிப்பு நின்றால் மட்டுமே அது அகற்றப்பட்டது என்பது உறுதியாகும்.

அறுவைக்கு முந்தைய மதிப்பீட்டில் பயன்

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், வலிப்புக் குவியம் தெளிவாகாததாலோ பல குவியங்கள் இருப்பதாகக் கருதப்பட்டதாலோ அறுவைக்கு ஏற்றவரல்லர் என ஒதுக்கப்பட்ட 29 நோயாளிகளுக்கு இப்பதிவு மேற்கொள்ளப்பட்டது. முடிவுகள் 2007இல் வெளியாயின. பொருள் கொள்ளத்தக்க படம் 8 பேரிடம் மட்டுமே கிடைத்தது. எனினும் அவர்களுள் சிலருக்கு மூடிய கதவு மீண்டும் திறந்தது. முறையின் வலிமையையும் எல்லையையும் இவ்வெண்களே நன்கு காட்டுகின்றன.

பின்னர் இலண்டனிலும் மொன்றியலிலும் நடந்த ஆய்வுகள், படத்தில் மிக வலுவாக ஒளிர்ந்த இடம் அகற்றப்பட்ட பகுதிக்குள் அமைந்திருந்தால் அறுவையின் பலன் நன்றாகவும், வெளியே அமைந்திருந்தால் குறைவாகவும் இருக்கும் போக்கைக் காட்டின. ஒளிர்வு பல இடங்களில் சிதறியிருப்பதும் நல்ல அறிகுறியாகக் கருதப்படுவதில்லை.

நடைமுறையில் இப்படம் இருவகையில் உதவுகிறது. முதலாவது, பழைய எம்.ஆர்.ஐ படத்தைத் திரும்பப் பார்க்க வைக்கிறது. புறணி மடிப்பின் அடியில் ஒளிந்திருக்கும் சிறு வளர்ச்சிக் கோளாறு முதற்பார்வையில் தப்பிவிடலாம். இவ்விடத்தைப் பார் எனச் சுட்டிய பின் கண்ணுக்குப் புலப்படும். இரண்டாவது, மூளைக்குள் நுண்ணிய மின்முனைகளைச் செலுத்திப் பதியும் முறைக்கு வழிகாட்டுகிறது. பாரிசு நகரில் தலைராக், பாங்கோ ஆகியோர் உருவாக்கிய இம்முறையே இன்றும் இறுதிச் சோதனையாக விளங்குகிறது. ஆனால் மின்முனை செல்லும் இடத்தை மட்டுமே அது அறியும். ஒரு சென்டிமீட்டர் தள்ளிச் செருகினால் பிறப்பிடத்தைத் தவறவிடலாம். எங்கே செருகுவது என்பதற்கு முன்கூட்டிய ஒரு கருத்து தேவை. அக்கருத்தைத் தருவோரின் வரிசையில் நிகழ்பட ஈ.ஈ.ஜி, பி.இ.டி படம், மூளைக் காந்த வரைவு, நோயாளியும் உறவினரும் சொல்லும் வலிப்பு விவரம் ஆகியவற்றுடன் இணைப் பதிவும் சேர்கிறது. இவற்றுள் கடைசியாகச் சொன்னதற்குக் கருவி வேண்டியதில்லை. ஆயினும் அதன் மதிப்பு குறைவன்று.

கூரலை தோன்றாத நிலை

பெரிய குறை, கருவிக்குள் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் கணிசமான நோயாளிகளுக்குக் கூரலை ஒன்றுகூடத் தோன்றாமற் போவதே. இதற்குச் சுவிட்சர்லாந்தின் செனீவா நகர ஆய்வாளர்கள் 2011இல் ஒரு வழியைக் காட்டினர். கருவிக்கு வெளியே பல நாட்கள் எடுத்த ஈ.ஈ.ஜியில் தோன்றும் கூரலைகளின் சராசரி மின்னழுத்தப் பரவலைக் கணக்கிட்டு, அதே பரவல் கருவிக்குள் எடுத்த பதிவில் எவ்வெந்நொடிகளில் எவ்வளவு தென்படுகிறது எனப் பார்ப்பது அவ்வழி. கண்ணுக்குக் கூரலையாகத் தெரியாத சிறு இயக்கங்களும் இதில் அகப்படுகின்றன.

இந்தியாவில் வலிப்பு அறுவைக்கும் மொன்றியலுக்கும் பழைய தொடர்பு உண்டு. அந்நகரக் கழகத்தில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். வலிப்பு அறுவைக்கான விரிவான மதிப்பீடு இன்று திருவனந்தபுரம் சிறீ சித்திரைத் திருநாள் கழகம், புது தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் போன்ற இடங்களில் நடைபெறுகிறது. இணைப் பதிவு எல்லா நாடுகளிலும் இன்னும் பெரிய ஆய்வு மையங்களைச் சார்ந்தே உள்ளது. கருவியைவிட, பதிவைத் தூய்மையாக்கவும் படத்தை வாசிக்கவும் தெரிந்தவர்கள் கிடைப்பதே அரிதாக இருப்பது இதற்கு ஒரு காரணம் ஆகும்.